ஃப்ரிட்ஜுக்குள் குளிர்காலம்

"ஒண்ணு புள்ளி எட்டு" என்றார் ரகுநாதன், பின்கட்டிலிருந்து.

"ஒண்ணு புள்ளி எட்டு" என்று சமையலறையிலிருந்து திருப்பிச் சொன்னாள் லோகநாயகி. சொல்லிவிட்டுக் கொதிக்கிற உலையில் அரிசியைப் போட்டாள்.

ஆவடி ஃபேக்டரியின் டூல் ரூமில் முப்பத்தைந்து வருஷம் அளவு பார்த்த மனுஷன் ரகுநாதன். அங்கே ஒருத்தர் அளவைச் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத அளவு அளவே இல்லை, மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான். அக்டோபரில் அவருக்கு மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, ஜீப்பில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். மனுஷன் ரிட்டையர் ஆனார், சட்டம் ஆகவில்லை. பக்கத்தில் நிற்க ஆள் இல்லாததால் லோகநாயகி அந்த வேலையில் சேர்க்கப்பட்டாள். பால் பொங்கினாலும் சரி, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாலும் சரி, பின்கட்டிலிருந்து எண் வந்தால் சமையலறையிலிருந்து எண் போக வேண்டும்.

அவர் அளந்துகொண்டிருந்தது ஒரு மொட்டை. தொட்டியில் குள்ளமாக வளர்க்கிற போன்சாய் மேப்பிள் மரத்தின் இலைமொட்டை.

எண்பத்தொன்றில் டேராடூனுக்கு ஆறு மாசம் டிரெய்னிங் போனவர், எல்லோரையும் போல பாசுமதி அரிசியோ கம்பளியோ வாங்கி வராமல், கூட வேலை பார்த்த ஒரு சர்தார்ஜி கொடுத்த சுண்டுவிரல் நீளக் கன்று ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்து, மூன்று நாள் ரயிலில் படுக்காமல் உட்கார்ந்தபடியே கொண்டு வந்து சேர்த்தார். பதினோரு வருஷத்தில் அது வளர்ந்தது பதினோரு அங்குலம். அதைப் பற்றி அவர் பேசிய பேச்சை நீட்டினால் ஆவடியிலிருந்து அரக்கோணத்துக்கு இன்னொரு தண்டவாளம் போடலாம். குளிர் தேசத்து மரம். வருஷத்தில் இரண்டு மாசமாவது குளிரில் கிடந்து தூங்கவில்லையென்றால் செத்துப்போகும். ஆவடியில் குளிர்காலம் என்பது மார்கழியில் நாலு நாள் ஜன்னலைச் சாத்திக்கொள்வது. அதனால் மரத்துக்கு வேண்டிய பருவங்களை ரகுநாதனே நடத்த வேண்டியதாயிற்று. கார்த்திகை பிறந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகக் கத்தரிப்பார். அது இலையுதிர்காலம். அப்புறம் குளிர்காலம். முதல் மூன்று வருஷம் அம்பத்தூரிலிருந்து சைக்கிள் கேரியரில் ஐஸ்கட்டி வந்தது, கோணிப்பையும் மரத்தூளுமாக வீடே மீன் மார்க்கெட் மாதிரி நாறியது. எண்பத்து நாலில் ஃப்ரிட்ஜ் வந்தது.

"உனக்குத்தான் லோகு" என்றுதான் வாங்கி வந்தார். அவளும் நம்பி, குங்குமம் வைத்து, முதலில் ஒரு கிண்ணம் தயிரை உள்ளே வைத்தாள். டிசம்பர் ஒன்றாம் தேதி காலையில் பார்த்தால், தட்டுகளெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடந்தன, உள்ளே மரம் நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் டிசம்பர், ஜனவரி, பாதி பிப்ரவரி. கதவில் முட்டை வைக்கிற பள்ளமும் பால் பாக்கெட் வைக்கிற இடமும் அவள் பங்கு, மீதி மரத்தின் பங்கு. குடிக்க ஜில்லென்று தண்ணீர் கேட்டு வந்த ஒருவர், ரகுநாதன் பெருமையாகத் திறந்து காட்டிய ஃப்ரிட்ஜுக்குள் மொட்டைக் கிளைகளோடு ஒரு மரம் விளக்கு வெளிச்சத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீரை மறந்து, செருப்பையும் மறந்து கொரட்டூர் வரைக்கும் போய்விட்டார் என்று குவார்ட்டர்ஸில் இன்றைக்கும் சொல்வார்கள்.

லோகநாயகிக்குச் சிரிப்பு வந்த காலம் உண்டு. இப்போது அலுப்பாக இருந்தது. கோபம் வந்தாலாவது ஒரு பாத்திரத்தை டங்கென்று வைக்கலாம். அலுப்புக்கு என்ன செய்வது? எட்டு வருஷமாக டிசம்பர் வந்தால் மாவை ஃப்ரிட்ஜில் வைக்க முடியாமல், விரலால் தொட்டும் முகர்ந்தும், இது இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கும், இது இப்போதே ஊற்றினால்தான் உண்டு என்று கணித்துக் கணித்து, தூக்கத்தில் மாவுச் சட்டியைக் காட்டினாலும் புளித்த நேரம் சொல்வாள். முழங்கால் வேறு. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மனு போட வேண்டியிருந்தது.

இந்தக் குவார்ட்டர்ஸில் இருபத்தாறு வருஷம். இங்கே சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நெமிலிச்சேரியில் அவர்கள் கட்டிய இரண்டு அறை வீட்டுக்காக, பூந்தமல்லி கடையில் ஒரு டஜன் ஆணி வாங்கி, காகிதத்தில் மடித்துப் புளிப்பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். தை மாசம் அங்கே பால் காய்ச்சியாயிற்று. காய்ச்சிய அன்று சாயங்காலமே பூட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே அப்போது கரண்ட் வரவில்லை. கரண்ட் இல்லாமல் ஃப்ரிட்ஜ் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லாமல் மரம் இல்லை. "அடுப்பு மூட்டின வீட்டை அன்னைக்கே இருட்டுல போட்டுட்டுப் போறவங்களை இப்பதான் பார்க்கறேன்" என்று ரகுநாதனின் அக்கா பார்வதம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். லோகநாயகியின் பதில் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது.

இப்போது அங்கே கரண்ட் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கெடு பிப்ரவரி இருபத்தொன்பது, சனிக்கிழமை. லாரிக்குச் சொல்லியாயிற்று. இருபத்தெட்டிலேயே முடிய வேண்டிய பிப்ரவரி இந்த வருஷம் தனக்காகவே ஒரு நாள் கூடுதலாக வந்திருக்கிறது என்று ரகுநாதன் நம்பினார்.

ஏனென்றால் இது தொட்டி மாற்றும் வருஷம். மூன்று வருஷ வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறுகி, ஊற்றுகிற தண்ணீர் மேலேயே நின்றது. இந்த முறை மாற்றாவிட்டால் கத்திரி வெயிலைத் தாண்டாது. மாற்றுவதற்கு ஒரு நேரம் இருந்தது. மரம் தூக்கம் கலைந்து மொட்டு உப்ப வேண்டும், ஆனால் இலை விரியக் கூடாது. தூங்கும்போது வேரை வெட்டினால் அழுகும், இலை விட்ட பிறகு வெட்டினால் காயும். குளிர் தேசத்தில் இந்த நேரம் மூன்று வாரம் இருக்குமாம். ஆவடி வெயிலில் நாலைந்து நாள். அதற்காகத்தான் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை காட்டுகிற வெர்னியர் அளவுகோல். ஃப்ரிட்ஜிலிருந்து பன்னிரண்டாம் தேதி வெளியே எடுத்து, பின்கட்டுச் சுவரை ஒட்டிய கடப்பைக் கல் மேல் வைத்து, முன்பக்கத்து மொட்டு ஒன்றை 'ஸ்டாண்டர்டு' என்று தேர்ந்தெடுத்து, லோகநாயகியின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து அடையாளம் கட்டினார். தினமும் காலை ஏழு மணிக்கு, புரை விழுந்த இடது கண்ணை மூடி, வலது கண்ணில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்களின் லென்ஸைச் செருகி, அந்த மொட்டை வெர்னியரால் கவ்வி அளப்பார். இரண்டு புள்ளி ஐந்து வந்தால் தொட்டி மாற்றம்.

மாற்றினால் அதற்கு அப்புறம் ஒன்று உண்டு. மூன்று வாரம் மரம் ஆடக் கூடாது, காற்று படக் கூடாது. லாரியில் ஏற்றுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். "மெடிக்கல் கிரவுண்டுன்னு எழுதிக் குடுங்க சார், ரெண்டு மாசம் தருவாங்க" என்று குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற எஸ்டேட் ஆபீஸ் கோவிந்தராஜ் சொல்லிக் கொடுத்திருந்தார். ரகுநாதன் உடம்பில் வியாதி தேடினால் டாக்டருக்குத்தான் வியாதி வரும். ஆகவே விண்ணப்பத்தில் மனைவியின் முழங்கால் எழுதப்பட்டது. கடுமையான வலி, படியேற இயலாமை, இடம்பெயர முடியாத நிலை. தேதி மட்டும் போடவில்லை. தொட்டி மாற்றுகிற அன்று போடலாமென்று சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். அதை அவளிடம் படித்தும் காட்டினார். எழுத்து நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்.

திங்கட்கிழமை அளவு முடிந்து அவர் ரேஷன் கார்டு மாற்றுகிற விஷயமாக வெளியே போன பிறகு, கீரைக்காரி வேம்புலியம்மாள் பின்வாசலில் கூடையை இறக்கினாள். அவள் நெமிலிச்சேரிக்காரி. புது வீட்டைத் தினமும் தாண்டி வருகிறவள்.

"இன்னாம்மா, எப்பதான் வரப்போறீங்கோ? உங்க ஊட்டு கேட்டுல ஆடு கட்டிகினு கீறானுங்கோ."

"யாரு?"

"யாரோ. ஆள் இல்லாத ஊடு, யாரு ஆடுன்னு கேக்க முடியுமா? நெறைய ஆடுங்கோ கீது. நான் எண்ணல." வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது எப்போதும் ஃப்ரிட்ஜ் மரம்தான். பார்த்தவள் சுவர்ப்பக்கம் கழுத்தை நீட்டினாள். "அய்யா இன்னாத்த தான் தெனமும் பாக்கறாரு? பின்னாடி வந்து பாரும்மா. செவசெவன்னு வுட்டுகினு கீது."

லோகநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அடுப்பு. அந்தச் சூட்டில் பின்கிளைகள் முழுக்க மொட்டுகள் உப்பி, குருவிக்குஞ்சின் அலகு மாதிரி சிவந்து நின்றன. நாற்பது இருக்கும். முன்பக்கத்திலும் நூல் கட்டாத மொட்டுகள் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தன. நூல் கட்டிய மொட்டை விரல் நுனியால் தொட்டாள். காய்ந்த மிளகு மாதிரி இருந்தது. பன்னிரண்டு நாள் இரும்பு அதைக் கவ்விக் கவ்வி விட்டிருக்கிறது. செத்த மொட்டு எந்தக் காலத்தில் இரண்டு புள்ளி ஐந்துக்கு வரும்? உலகத்திலேயே சரியான வெர்னியர், உலகத்திலேயே சரியான கண், தினமும் பிசகாமல் அளந்துகொண்டிருந்தது ஒரு பிணத்தை.

"அய்யாகிட்ட சொல்லும்மா."

"சொல்றேன். நீ ஒண்ணும் சொல்லிடாதே."

"எனுக்கு இன்னாத்துக்கு வம்பு?" வேம்புலியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். "முருங்கக்கீர இன்னொரு கட்டு வாங்கிக்கோ. முட்டிக்கு நல்லது."

ஊர் பூராவும் அவள் முட்டி தெரிந்திருந்தது.

அன்று மத்தியானம் சொல்லலாமென்றிருந்தாள். அவர் வந்தார், சாப்பிட்டார். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது. தொட்டி, மண், வேர், சட்டைப்பை, தேதி. இன்னும் இரண்டு மாசம். ஜன்னல் கம்பியில் காலண்டர். சொல்லாவிட்டால் மூன்று நாளில் இலை விரிந்துவிடும், நேரம் தாண்டிவிடும், சனிக்கிழமை லாரி வரும். மரம் மே மாசம் வரை எப்படியோ இருக்கும். யாரும் ஒன்றும் செய்யவில்லை, காலம்தான் செய்தது என்று ஆகிவிடும். ரசம் போதுமா என்று மட்டும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை "ஒண்ணு புள்ளி எட்டு" என்று குரல் வந்தது. "ஒண்ணு புள்ளி எட்டு" என்றாள். வாய்க்குள் கல்லை உருட்டுகிற மாதிரி இருந்தது. புதன்கிழமையும் சொன்னாள். அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. பேப்பர் படிப்பதை விட்டார். பல் தேய்க்கப் போய் வெறும் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தார். மரத்தைப் பற்றி ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. 

புதன் சாயங்காலம், தொட்டி மாற்றி முடியட்டுமென்று கட்டிலுக்கு அடியிலேயே விட்டிருந்த ஃப்ரிட்ஜ் தட்டுகளை இழுத்து எடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவினார், துண்டால் துடைத்தார். ஒவ்வொன்றாகப் பொருத்தினார். கடைசித் தட்டு சரியாக உட்காரவில்லை, அதை மட்டும் நாலு தடவை எடுத்து எடுத்து வைத்தார்.

"இந்த வருஷம் எழுந்திருக்கலை" என்றார். "குளிர் பத்தலையோ என்னவோ. ஜனவரியில அத்தனை தடவை கரண்ட் போச்சு. சனிக்கிழமை இருக்கிற மாதிரியே தூக்கிட்டுப் போயிடலாம். குலுங்கினா குலுங்கட்டும்." ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார். "இனிமே நீ மாவை வெச்சுக்கோ."

அவள் மாவுச் சட்டியை எடுத்து உள்ளே வைத்தாள். எட்டு வருஷமாகக் கேட்ட இடம். கதவைச் சாத்தினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். ஒரு மொட்டு பிளந்திருந்தது. உள்ளே இலை, பிறந்த குழந்தை மூடி வைத்திருக்கிற கை மாதிரி, ஐந்து விரலையும் மடக்கிக்கொண்டிருந்தது. மற்றவை இன்னும் மூடித்தான் இருந்தன.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. முடிந்துபோன விஷயம்தான், ஆனாலும் அவர் லென்ஸைச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு புள்ளி எட்டு."

லோகநாயகி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். மூடி போட்டாள்.

"ஒண்ணு புள்ளி எட்டு" என்று மறுபடி வந்தது. கேட்கவில்லையோ என்கிற மாதிரி. அதற்கும் பதில் போகவில்லை. மனுஷன் காத்துக்கொண்டிருந்தார். திருப்பிச் சொல்லாத அளவை அவரால் விடவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

அவள் பின்கட்டு நிலையில் வந்து நின்றாள். "அந்த மொட்டு செத்துப்போச்சுங்க. நீங்க பிடிச்சுப் பிடிச்சே செத்துப்போச்சு. தொட்டியைத் திருப்பிப் பாருங்க."

அவர் லென்ஸை எடுத்தார். தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பினார். வெகு நேரம் பார்த்தார். அவர் முகம் முதலில் சந்தோஷப்பட்டது, அதற்கப்புறம் கணக்குப் போட்டது.

"நீ எப்ப பார்த்தே?"

"திங்கக்கிழமை."

"நாலு நாள்" என்றார். அவள் திட்டுக்குக் காத்திருந்தாள்.  "ரெண்டடி தள்ளி நின்னு பார்த்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார் கடைசியில், யாரிடமோ சொல்கிற மாதிரி. வெர்னியரை எடுத்துப் பின்பக்கத்து மொட்டுக்கு நேரே கொண்டுபோனார், பாதியில் நிறுத்தி, வெல்வெட் பெட்டிக்குள் வைத்து மூடினார். "இதுல அளந்து தெரியாது. நீ சொல்லு லோகு. நேரம் இருக்கா, தாண்டிடுச்சா?"

அவரை அவள் கல்யாணம் செய்துகொண்டு முப்பத்திரண்டு வருஷம். ஒரு தடவைகூட அவர் அவளிடம் அளவு கேட்டதில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்லத்தான் கேட்டிருக்கிறார். லோகநாயகி குனிந்தாள். மாவைத் தொடுகிற மாதிரி, அழுத்தாமல், மொட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிளந்தது ஒன்று. பிளக்கப்போவது ஏழெட்டு. மற்றவை உள்ளே நிறைந்து, ஆனால் இறுக்கமாக இருந்தன.

"இன்னைக்கு முடியும். நாளைக்கு முடியாது."

இட்லி அடுப்பிலேயே கிடந்தது. இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்தார்கள். செங்கல் பொடியும் ஆற்று மணலும் சலித்துத் தயாராகத்தான் இருந்தது, பத்து நாளாக. தொட்டியைக் கவிழ்த்ததும் மரம் வரவில்லை, ஓரத்தில் கத்தி விட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. வந்தபோது வேர் முழுவதும் தொட்டியின் வடிவத்திலேயே, நாலு மூலையும் மடங்கி, ஒரு மரச்செங்கல் போல வந்தது. அவள் தன் தலைமுடிச் சிக்கெடுக்கிற கோலைக் கொண்டுவந்து வேரைப் பிரித்துக் கொடுத்தாள், அவர் கத்தரித்தார். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கீழே விழுந்த வேர் நரைமயிர் போலச் சுருண்டு கிடந்தது. புது மண்ணில் வைத்து, கம்பியால் கட்டி, தண்ணீர் விட்டபோது அது அப்படியே கீழே இறங்கியது. அதைப் பார்த்து அவர் மூச்சு விட்டார்.

கை கழுவிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். பேனாவையும் எடுத்தார்.

"தேதி போடாதீங்க" என்றாள் லோகநாயகி. அவள் இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். "என் முழங்கால் சனிக்கிழமை லாரியில ஏறிடும்."

"மூணு வாரம் அது ஆடக் கூடாது லோகு. காத்து படக் கூடாது, வெயில் கூடாது."

"ஃப்ரிட்ஜுக்குள்ள ஏது காத்து, ஏது வெயில்?"

அவர் அவளைப் பார்த்தார். "உள்ள வெச்சா மறுபடி குளிர்காலம்னு நெனச்சுக்கும்."

"கரண்ட்டே இல்லாத பெட்டி. சும்மா இருட்டு. நெனச்சுக்கிட்டா நெனச்சுக்கட்டும், இன்னும் ஒரு மணி நேரம் தூங்கட்டும். எனக்கு யாராவது அப்படிச் சொன்னா நான் வேணாம்னா சொல்வேன்?" கையை நீட்டினாள். "தூக்கி விடுங்க."

அவர் தூக்கிவிட்டார். அன்றும் மறுநாளும் விண்ணப்பம் அவர் பையிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜ் தட்டுகளை மறுபடி கழற்றினார்கள். மாவுச் சட்டி வெளியே வந்தது. மரத்தை உள்ளே வைத்துச் சுற்றிலும் லோகநாயகியின் பழைய புடவைகளை அடைத்தார்கள். ஒரு மூலையில் தொட்டி லேசாக ஆடியது. ரகுநாதன் அங்குமிங்கும் தேடினார், சட்டைப்பையில் கை விட்டார், முழங்கால் விண்ணப்பத்தை நாலாக, எட்டாக மடித்துத் தொட்டிக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. லாரிக்காரன் துலுக்கானம் கயிற்றோடு வந்தவன், ஃப்ரிட்ஜ் கதவை இரண்டு பேர் சேர்ந்து இவ்வளவு பதமாகச் சாத்துவதைப் பார்த்துவிட்டு நின்றான்.

"உள்ள இன்னா சார் வெச்சுகீறே? பொணமா?"

"மரம்" என்றார் ரகுநாதன்.

துலுக்கானம் அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் தலையாட்டினாள்.  பட்டாபிராம் தாண்டும்வரை பள்ளத்துக்குப் பள்ளம் வண்டியை நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றினான்.

அவள் முன்னால் உட்காரவில்லை. ஃப்ரிட்ஜ் கதவின் பிடி கொஞ்ச நாளாகத் தளர்ந்திருந்தது. பின்னால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், ஃப்ரிட்ஜ் கதவில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். இடுப்பில் செருகிய ஆணிப் பொட்டலம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் குத்தியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூக்கம் கண்ணை அழுத்தியது. அவள் தூங்கவில்லை.

நெமிலிச்சேரி ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டி நின்றதும் ரகுநாதன் முன்னாலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்து, லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஆடிச்சா?"

லோகநாயகி திரும்பி, வெள்ளைக் கதவில் காதை வைத்தாள். தூரத்தில் கூட்ஸ் வண்டி வருகிற சத்தம் முதலில் கதவில்தான் கேட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பூசாத செங்கல் சுவரும் பச்சைக் கேட்டுமாக அவர்கள் வீடு தெரிந்தது. கேட்டில் கட்டியிருந்த ஆடுகள் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆடல" என்றாள்.

"ஆடல" என்று திருப்பிச் சொன்னார் அவர். கூட்ஸ் வண்டி அதற்குள் வந்துவிட்டது, லாரி அதிர்ந்தது. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் பலகை மேல் கையை எக்கி நீட்டி ஃப்ரிட்ஜ் கதவின் கீழ்மூலையைப் பிடித்துக்கொண்டார். மேலே அவள் உள்ளங்கை கதவை விட்டு அகலவில்லை.